குளிர்கால மனச்சோர்வுக்கு எதைத் தேர்வது: ஒளிப்பெட்டியா, மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா?

ஒக்டோபர் பிறந்தவுடன் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கத் தொடங்குகிறார்கள். காலையில் முன்னால் அமர்வதற்கான பிரகாசமான விளக்காகிய ஒளிப்பெட்டி ஒன்றை வாங்குவதா, வைத்தியர் எழுதித் தந்த மாத்திரையைத் தொடங்குவதா, உளவியலாளரிடம் போவதா, அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு மார்ச் மாதம் வரை காத்திருப்பதா என்பதே அந்தக் கேள்வி. கேட்டவர்களில் பலர் கடைசியில் காத்திருப்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஆண்டுக்கு ஐந்து மாதம் உயிர்ப்பில்லாமல் கழியுமானால், அது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அல்லவா?

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் கூட ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் நீள்கிறது. டிசம்பர் 21ஆம் திகதியை ஒட்டி ரொறன்ரோவில் ஒன்பது மணி நேரமும், லண்டனில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், ஒஸ்லோவில் ஆறு மணி நேரமும்தான் பகல். நோர்வேயின் வடக்கில் உள்ள துரொம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நாம் சூரியனுக்குப் பொங்கல் படைக்கும் நாட்களை ஒட்டித்தான் அங்கே அது மீண்டும் தலைகாட்டுகிறது. இந்த இருளுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை முறையாக முதலில் விவரித்தவர்களில் ஒருவரான நோர்மன் ரோசந்தால், வெயில் நிறைந்த ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே குளிர்காலங்களில் தன் ஊக்கம் வடிந்துபோவதை அவர் தன்னிடத்திலேயே கண்டார். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் அவரும் சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வே பருவகால மனச்சோர்வு என்ற பெயரை மருத்துவத்தில் நிலைக்கச் செய்தது.

இந்நோயின் அறிகுறிகள் நாம் வழக்கமாக மனச்சோர்வு என்று எண்ணும் தூக்கமின்மைக்கும் பசியின்மைக்கும் எதிராக இருப்பதால், அதை நோயென்று அடையாளம் காண்பது கடினமாகிறது. நேரம் போவது தெரியாமல் தூங்குவார்கள், மாவும் இனிப்பும் தேடித் தேடி உண்பார்கள், எடை கூடும், கைகால்கள் ஈயம் போலக் கனக்கும், ஆட்களைக் காணப் பிடிக்காது. நம் வீடுகளில் இதற்கு வைக்கப்பட்டிருக்கும் பெயர் "பஞ்சி", அதாவது சோம்பல். அந்த ஒரு சொல்லால் எத்தனை தாய்மார் தங்களைத் தாங்களே நொந்துகொண்டு வைத்தியரிடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

எந்த வழியையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கலாம். அது பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆய்வுச் சான்று இருக்கிறதா? எத்தனை நாட்களில் பலன் தெரியும்? அடுத்த குளிர்காலத்திலும் அந்தப் பலன் துணை நிற்குமா? பணம், நேரம், வீட்டாரின் வசதி என்று அது எவற்றை விலையாகக் கேட்கிறது? உங்கள் உடல்நிலைக்கு அது பாதுகாப்பானதா? விலைப்பட்டியலில் வராத செலவுகள் நான்காவது கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வழியிலும் அதற்கே கூடுதல் இடம் தருகிறேன்.

## ஒளிப்பெட்டி

ஒளிப்பெட்டியின் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் தேர்வும் எளிதாகும். கண்ணின் விழித்திரையில் பார்வைக்குப் பயன்படும் உயிரணுக்களுடன், வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்கு அறிவிக்கும் இன்னொரு வகை உயிரணுக்களும் உள்ளன. காலையில் போதிய வெளிச்சம் அவற்றில் விழும்போது, மூளையின் உள்கடிகாரம் "இரவு முடிந்தது" என்று கணித்து, இரவுச் சுரப்பான மெலற்றோனினை நிறுத்தி, நாளின் ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டின் இருக்கையறை விளக்குகள் 100 முதல் 300 லக்ஸ் வரையான வெளிச்சமே தருகின்றன. ஒளிப்பெட்டி தரவேண்டிய அளவு 10,000 லக்ஸ். இரண்டும் வெறும் கண்ணுக்கு அத்தனை வேறுபாடாகத் தோன்றாவிட்டாலும், உள்கடிகாரத்தின் கணக்கில் ஒன்று அந்திப்பொழுது, மற்றொன்று பகல்.

வெளிச்சம் குறைந்தால் நேரத்தைக் கூட்டி ஈடுசெய்யலாம்:

| முகத்தில் விழும் வெளிச்சம் | காலையில் உட்கார வேண்டிய நேரம் |
|---|---|
| 10,000 லக்ஸ் | 30 நிமிடம் |
| 5,000 லக்ஸ் | 1 மணி நேரம் |
| 2,500 லக்ஸ் | 2 மணி நேரம் |

இந்த அட்டவணையில் "முகத்தில் விழும்" என்ற சொற்களே முக்கியமானவை. பெட்டியின் மேல் 10,000 லக்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும், அது எத்தனை சென்ரிமீற்றர் தூரத்தில் என்பது கையேட்டின் உள்ளேதான் இருக்கும். கைபேசி அளவுள்ள மலிவான பெட்டிகள் பல, முகத்தை மிக அருகில் வைத்தால் மட்டுமே அந்த அளவை எட்டுகின்றன. கொஞ்சம் தள்ளி அமர்ந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். நானே முதற் குளிர்காலத்தில் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், இரண்டு மீற்றர் தூரத்தில் வைத்து, மாலை வேலை முடிந்து வந்து அதன் முன் இருந்தேன். தூரமும் பிழை, நேரமும் பிழை. சோர்வு குறையவில்லை, தூக்கம்தான் மேலும் பின்னுக்குத் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு அதே பெட்டியைக் காலைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, கைநீட்டினால் தொடும் தூரத்தில், கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வைத்துத் தேநீர் அருந்தியபோது, பத்தாம் நாளளவில் வேறுபாட்டை உணர்ந்தேன். வெளிச்சத்தை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கண்கள் திறந்திருந்தால் போதும். அந்த நேரத்தில் வாசிக்கலாம், உண்ணலாம், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம்.

சான்றைப் பொறுத்தவரை ஒளிச் சிகிச்சை உறுதியான நிலையில் இருக்கிறது. 2005இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, அதன் பலன் மனச்சோர்வு மாத்திரைகளின் ஆய்வுகளில் காணப்படும் பலனுக்கு இணையானது என்று கண்டது. கனடாவில் 96 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 10,000 லக்ஸ் ஒளியும் ஃபுளுவொக்ஸற்றீன் என்ற மனச்சோர்வு மாத்திரையும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டன. எட்டு வாரங்களின் முடிவில் இரு பிரிவிலும் 67 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஒளி பெற்றவர்களிடம் முன்னேற்றம் சற்று முந்தியே தெரிந்தது. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரைக்குப் போலி மாத்திரை செய்வது போல வெளிச்சத்துக்குப் போலி செய்வது கடினம். தன் முன்னால் பிரகாசமான விளக்கு எரிகிறது என்பது எவருக்கும் தெரியும். ஆய்வாளர்கள் இதற்காக காற்றில் மின்னூட்டத் துகள்களை விடும் அயனிக் கருவிகளை, இயங்காத நிலையில், ஒப்பீட்டுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அங்கும் காலை ஒளியே முந்தியது என்றாலும், எதிர்பார்ப்பின் பங்கை முழுதாகக் கழித்துவிட முடியாது.

பணச் செலவு ஒருமுறைதான். கனடாவில் சிறிய பெட்டிகள் ஏறக்குறைய 100 டொலருக்குள்ளும், அகன்ற தட்டுள்ளவை 200 டொலர் அளவிலும் கிடைக்கின்றன. என் கருத்தில் அகன்றதையே வாங்க வேண்டும். புறஊதாக் கதிர்களை வடிகட்டுவதாகவும் மருத்துவச் சாதனமாகச் சான்று பெற்றதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். நீல நிற வெளிச்சம் தேவையில்லை, வெள்ளையே போதும்.

உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, அரை மணி நேரம், செப்டெம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை. பெட்டியை நிறுத்தினால் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ சோர்வு திரும்பிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சாப்பாடு கட்டி, பேருந்தைப் பிடிக்கும் ஒரு தாய்க்கு அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும்? வாங்கிய பெட்டி டிசம்பரில் அலமாரிக்குள் போவதற்கு இதுதான் காரணமே தவிர, பெட்டியின் குறை அல்ல. அந்த நேரத்தை வீட்டார் மருந்து வேளையாக மதித்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே இவ்வழி நிலைக்கும். அதைக் கணவனும் பிள்ளைகளும் பங்கிட்டுச் சுமக்க வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

தலைவலி, கண் எரிவு, குமட்டல், படபடப்பு ஆகியவை முதல் நாட்களில் வரலாம். நேரத்தைக் குறைத்தாலோ சற்றுத் தள்ளி அமர்ந்தாலோ பெரும்பாலும் அடங்கும். ஆனால் மூன்று வகையினர் வைத்தியரைக் கேளாமல் பெட்டியைத் தொடக்கூடாது. முதலாவது, விழித்திரை நோய் உள்ளவர்கள். நம்மிடையே சர்க்கரை வியாதி மிகுந்திருப்பதையும் அது விழித்திரையைத் தாக்கக்கூடியது என்பதையும் நினைத்தால், சர்க்கரை உள்ளவர்கள் கண் பரிசோதனையை முடித்துவிட்டே தொடங்க வேண்டும். இரண்டாவது, வெளிச்சத்துக்குக் கூச்சம் ஏற்படுத்தும் மருந்துகளை எடுப்பவர்கள். நுண்ணுயிர்க்கொல்லியான டொக்ஸிசைக்ளின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் போன்றவை அவ்வகையின. மூன்றாவது, மனம் சில வேளைகளில் அளவுமீறித் துள்ளியெழும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் அல்லது அது குடும்பத்தில் இருப்பவர்கள். காலை ஒளி அவர்களை அந்த எழுச்சிக்குள் தள்ளிவிடக்கூடும் என்பதால், வைத்தியர்கள் சில வேளைகளில் நண்பகல் ஒளியைப் பரிந்துரைப்பார்கள்.

## விடியல் விளக்கு

இது படுக்கையருகே வைக்கும் விளக்கு. எழும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே மெல்ல மெல்லப் பிரகாசமாகி, இருண்ட அறைக்குள் ஒரு செயற்கை விடியலை உண்டாக்கும். அதன் உச்ச வெளிச்சம் சில நூறு லக்ஸ் மட்டுமே என்றாலும், இரவெல்லாம் இருளில் இருந்த கண் மூடிய இமைகளூடாகவே அதை உணர்கிறது. இலேசான சோர்வுக்கு இது உதவுவதாக ஆய்வுகள் காட்டினாலும், அவை சிறியவை. ஒளிப்பெட்டிக்கு உள்ள சான்றின் கனம் இதற்கு இல்லை. காலை நேரத்தில் ஒரு நிமிடத்தையும் இது கேட்பதில்லை என்பதே இதன் பெரிய சிறப்பு. அதே அறையில் உறங்கும் கைக்குழந்தையோ, இரவு வேலை முடித்து இரண்டு மணிக்கு வந்து படுத்த கணவரோ சேர்ந்து விழித்துக்கொள்வதே இதன் மறைவான விலை. எழும்புவது மட்டுமே சிக்கல், எழும்பியபின் நாள் ஓரளவு நடக்கிறது என்பவர்களுக்கு இதிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

## வெளியே நடப்பது

"காலையில் நட, எல்லாம் சரியாகும்" என்ற அறிவுரையில் உண்மை இருக்கிறது. மேகம் மூடிய குளிர்காலப் பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். பனி படர்ந்திருந்தால் இன்னும் கூடும். சுவிற்சர்லாந்தில் செய்து 1996இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் வெளியே நடந்தவர்களின் சோர்வு, மங்கிய செயற்கை ஒளி பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. ஆனால் ஒஸ்லோவில் டிசம்பரில் சூரியன் எழுவது ஒன்பது மணிக்குப் பிறகு. ஏழு மணிக்கு நடப்பவர் உடற்பயிற்சி செய்கிறாரே ஒழிய ஒளி பெறுவதில்லை. ஆகவே வட நாடுகளில் இந்த அறிவுரையை "மதிய இடைவேளையில் வெளியே நட" என்று திருத்திச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் எட்டு மணிக்குப் பின் நடக்க முடிந்தவர்களுக்கு அது உண்மையிலேயே மலிவான மருந்து. துரொம்சோவில் இருப்பவர்களுக்கு நடுக்குளிரில் இது ஒரு தெரிவே அல்ல.

வெளிச்சத்தைத் தேடிப் போவதை நோர்வே மக்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ரியூக்கான் ஊர் சான்று. மலைகளுக்கு நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பதால், ஏறக்குறைய ஆறு மாதம் அங்கே நேர்வெயில் விழாது. ஊர் மக்கள் மலையுச்சிக்குப் போய் வெயில் காணவென்றே, அங்கிருந்த தொழிற்சாலை நிறுவனம் 1928இல் ஒரு கம்பிவட வண்டியைக் கட்டித் தந்தது. 2013இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளைப் பொருத்தி, சூரியன் நகர நகர அவற்றைத் திருப்பி, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை விழச் செய்தார்கள். கதகதப்பான வீட்டுக்குள் திரையை மூடிக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்தும் நம் பழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பணம் பெரிதாக வேண்டாம். நல்ல சப்பாத்தும் மேலங்கியும் போதும். இருளில் தவிக்கும் ஒருவரிடம் குளிருக்குள் இறங்கும் மனவலிமையைக் கேட்கிறது என்பதுதான் இதன் விலை. சோர்வு முற்றியவரிடம் "போய் நட" என்று சொல்வது, கால் முறிந்தவரிடம் சொல்வது போலாகிவிடும். துணைக்கு ஒருவர் கூடச் செல்வதே அப்போது உதவி.

## மாத்திரை

மாத்திரை என்றதும் "பைத்தியத்துக்குக் கொடுப்பது", "பழகிவிடும்" என்ற அச்சங்கள் நம்மிடையே எழுகின்றன. ஃபுளுவொக்ஸற்றீன், சேர்ட்ரலீன் போன்றவை மதுவைப் போலவோ தூக்க மாத்திரையைப் போலவோ ஏக்கத்தை உண்டாக்குபவை அல்ல; எனினும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் போன்றவை வரக்கூடும் என்பதால், வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். தொடக்கத்தில் குமட்டலும், தொடர்ந்து எடுக்கும்போது தாம்பத்திய ஆர்வக் குறைவும் வருவதுண்டு. இரண்டாவதை வெட்கத்தால் சொல்லாமல், மருந்தை மட்டும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சொன்னால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது. பியூப்ரோப்பியோன் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தின் நீடித்து வெளியாகும் வடிவத்தை, குளிர்காலச் சோர்வு வருமுன்பே தடுப்பதற்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2006இல் ஏற்றது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

காலையில் நேரமே இல்லாதவர்களுக்கும், கோடையிலும் சோர்வு முழுதாக விலகாதவர்களுக்கும், கடும் சோர்வில் இருப்பவர்களுக்கும் மாத்திரையே பொருத்தமான முதல் தெரிவு. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் ஒளிச் சிகிச்சையைப் பற்றி முதலில் வைத்தியரிடம் கேட்பது நல்லது. ஏற்கெனவே எடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

## பேச்சுச் சிகிச்சை

குளிர்காலச் சோர்வுக்கென்றே வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை, வாரம் இருமுறையாக ஆறு வாரத்தில் பன்னிரண்டு அமர்வுகள் கொண்டது. "இருட்டிவிட்டது, இனி இன்று ஒன்றும் நடக்காது" என்ற எண்ணத்தைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்கவும், ஆட்களிடமிருந்து ஒதுங்கும் பழக்கத்தை மாற்றவும் அது பழக்குகிறது. அமெரிக்காவின் வேர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் கெலி ரோகனும் சகாக்களும் 177 பேரிடம் நடத்திய ஆய்வில், முதற் குளிர்காலத்தில் ஒளியும் பேச்சும் சம பலன் தந்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளி பெற்றவர்களில் ஏறக்குறைய 46 சதவீதத்தினருக்குச் சோர்வு திரும்பியிருந்தது. பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கே திரும்பியிருந்தது. பெட்டியைத் தொடர்ந்து பயன்படுத்தச் சொல்லியும் ஒளி பெற்றவர்களில் பலர் பயன்படுத்தவில்லை என்பதும் இதில் அடங்கும்.

இந்த நாடுகளில் இன்னும் இருபது குளிர்காலங்களைக் காணப்போகும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. தடைகள் வேறு: காத்திருப்புப் பட்டியல், அமர்வுகளுக்கு விடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மொழி. மனத்தின் நுண்மையான வலியை நோர்வேஜிய மொழியிலோ ஆங்கிலத்திலோ சொல்ல முடியாமல் தடுமாறும் மூத்தவர்கள், பொது மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சொந்தப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். பெற்றோரின் துயரத்தைச் சொல் சொல்லாகச் சுமப்பது எந்தப் பிள்ளைக்கும் ஏற்ற வேலை அல்ல.

## விற்றமின் டியும் விமானச் சீட்டும்

கருமை கூடிய தோல் உள்ள நமக்கு வட நாடுகளில் விற்றமின் டி குறைவது வழமை. பரிசோதித்துக் குறைவிருந்தால் எடுக்கவே வேண்டும். ஆனால் அது எலும்புக்கும் தசைக்கும் உரிய தேவை. குளிர்கால மனச்சோர்வை மாற்றுவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஒளிப்பெட்டியில் புறஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருப்பதால், அது விற்றமின் டியைத் தராது. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

டிசம்பரில் ஊருக்குப் போய் வருவது இதமானதுதான். ஆனால் மூன்று வாரம் கழித்து ஜனவரி இருளுக்குள் வந்திறங்கும்போது சோர்வு காத்திருக்கும். ஒரு குடும்பத்தின் விமானச் செலவில் பல ஒளிப்பெட்டிகள் வாங்கலாம். உறவுகளைக் காணப் போங்கள். சிகிச்சையாக எண்ணிப் போகாதீர்கள்.

## யாருக்கு எது

சோர்வு நடுத்தர அளவில், ஆண்டுதோறும் ஒரே காலத்தில் வந்து, வசந்தத்தில் முழுதாக விலகுகிறது, கண்ணும் நலமாக இருக்கிறது என்றால், ஒளிப்பெட்டியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அதனோடு மதிய நடையைச் சேர்ப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. அந்தக் குளிர்காலம் தேறியபின், பேச்சுச் சிகிச்சைக்கு உடனேயே பெயர் கொடுத்து வையுங்கள். காத்திருப்பு முடியும்போது அடுத்த இலையுதிர்காலம் வந்திருக்கும்.

அதிகாலை ஐந்து மணிக்குத் துப்புரவு வேலை தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடல் தானாக விழிக்கும் நேரத்துக்கு வெகு முன்பே பிரகாசமான ஒளியைக் கொடுத்தால், உள்கடிகாரம் முன்னே நகர்வதற்குப் பதிலாகப் பின்னே நகரக்கூடும். நாலரை மணிக்குப் பெட்டி முன் அமர்வதைவிட, முதற் கட்டிடம் முடிந்து எட்டு மணியளவில் கிடைக்கும் இடைவேளையில் அமர்வது மேல். இரவு வேலை செய்பவர்கள் உறங்கப் போகுமுன் ஒளி பெற்றால் தூக்கம் கெடும். அவர்கள் நேரத்தை வைத்தியருடன் பேசியே வகுக்க வேண்டும்.

வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறையேனும் வந்திருந்தால், பெட்டியைப் பற்றிய கணக்கெல்லாம் பிறகு. இன்றே குடும்ப வைத்தியரையோ அவசர சேவையையோ அழையுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

மற்றவர்கள் ஒரு சிறு கொப்பியை எடுத்து, எழும்பிய நேரம், ஒளியின் முன் இருந்த நிமிடங்கள், அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். இரண்டு வாரம், அதிகம் போனால் நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்கள் அசையவில்லை என்றால், அந்தக் கொப்பியையே வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டி, மாத்திரையைப் பற்றியும் பேச்சுச் சிகிச்சையைப் பற்றியும் கேளுங்கள்.